வேடந்தாங்கல்: ஏரியும் துப்பாக்கித் தடையும்

வேடந்தாங்கல், தமிழ்நாட்டின் செங்கல்பட்டு மாவட்டம் மதுராந்தகம் வட்டத்தில் உள்ள சிற்றூர். சென்னையிலிருந்து தெற்கே ஏறத்தாழ 80 கிலோமீட்டர். ஊரை ஒட்டிச் சுமார் 30 ஹெக்டேர் பரப்பில் ஒரு பாசன ஏரி. வடகிழக்குப் பருவமழை நன்றாகப் பெய்த ஆண்டுகளில், நவம்பர் முதல் மார்ச் வரை இந்த ஏரிக்குள் நிற்கும் மரங்களில் பல்லாயிரம் நீர்ப்பறவைகள் கூடு கட்டிக் குஞ்சு பொரிக்கின்றன. இந்த ஏரியில் யாரும் பறவையைச் சுடக் கூடாது என்று ஊரார் போய்க் கேட்டு, கிழக்கிந்தியக் கம்பெனியின் ஆட்சியரிடம் எழுத்து வாங்கியது பதினெட்டாம் நூற்றாண்டின் கடைசி ஆண்டுகளில். இந்தியாவில் காட்டுப் பறவைகள் பாதுகாப்புச் சட்டம் வந்தது 1887இல். இடையில் ஏறக்குறைய தொண்ணூறு ஆண்டுகள்.

பெயர்

தாங்கல் என்றால் சிறிய ஏரி. தொண்டை மண்டலத்தில் பழவந்தாங்கல் போல இந்தச் சொல்லில் முடியும் ஊர்ப்பெயர்கள் நிறைய உண்டு. வேடந்தாங்கல் என்பது வேடனின் ஏரி. முன்பு வட்டாரத்து நிலக்கிழார்கள் இங்கே வேட்டைக்கு வந்துபோனார்கள் என்பது வழிவழியாக வரும் செய்தி. வேட்டையால் பெயர் பெற்ற ஏரியில் வேட்டையை நிறுத்தியவர்கள் அந்த ஏரியின் தண்ணீரில் நெல் விளைவித்தவர்கள்.

கவுல்

செங்கற்பட்டுச் சீமை அன்று கம்பெனியின் ஜாகீர், அதாவது வரி வாங்கும் உரிமையோடு கிடைத்த நிலம். 1780இல் தொடங்கிய ஹைதர் அலியின் படையெடுப்பில் அது நாசமாகி, ஊர்கள் காலியாகி, ஏரிக்கரைகள் உடைந்து கிடந்தது. 1790களின் நடுவில் ஆட்சியராக வந்த லயோனல் பிளேஸ் ஏரிகளைச் செப்பனிடுவதில் முனைந்தவர். ஏரியில் தண்ணீர் நின்றால்தான் கம்பெனிக்கு வரி வரும் என்பது அவருக்குத் தெரியும். மதுராந்தகம் பெரிய ஏரி உடையாமல் காத்த ‘ஏரி காத்த ராமர்’ கதையில் வரும் பிளேஸ் துரையும் இவரே. மழை கொட்டிய இரவில் கரைமேல் வில்லோடு இருவர் காவல் நிற்கக் கண்டு, நன்றிக்கடனாகத் தாயார் சந்நிதியை எழுப்பினார் என்று அந்தக் கோயிலில் இன்றும் சொல்கிறார்கள்.

அவர் காலத்தில் பிரிட்டிஷ் சிப்பாய்கள் வேடந்தாங்கல் ஏரியில் கூட்டிலிருந்த நாரைகளைச் சுட்டார்கள். ஊரார் திரண்டு ஆட்சியரிடம் முறையிட்டார்கள். அவர் கவுல் எழுதிக் கொடுத்தார். கவுல் என்பது அன்றைய வருவாய்த் துறை வழக்கில் அரசு குடிகளுக்குத் தரும் எழுத்து உறுதி. பெரும்பாலும் நிலம், வரி சம்பந்தமாக எழுதப்படுவது. அதே வடிவத்தில் ஒரு பறவைக் கூட்டத்துக்கும் உறுதி கிடைத்தது. ஆண்டை 1796 என்றும் 1798 என்றும் இரு விதமாக எழுதுகிறார்கள். 1858இல் செங்கற்பட்டு ஆட்சியர் ஒருவர் அதை மீண்டும் உறுதிசெய்தார்.

இதைக் கருணைச் செயலாக மட்டும் சொல்லிவிட்டுப் போனால் ஊராரின் அறிவுக்கு அநீதி செய்தவர்களாவோம். அவர்கள் கேட்டது ஒரு விவசாய உரிமை. பறவைகளின் எச்சம் ஏரியில் விழுகிறது. அதிலுள்ள தழைச்சத்தும் மணிச்சத்தும் நீரில் கரைந்து மதகு வழியாக வயலுக்குப் போகின்றன. வேடந்தாங்கல் தண்ணீர் பாயும் வயலுக்குத் தனியாக எருப் போட வேண்டியதில்லை என்பது அந்த ஆயக்கட்டில் தலைமுறை தலைமுறையாக நின்ற கணக்கு. ஒரு நாரையைச் சுடுகிறவன் அவர்கள் வயலின் எருவில் கை வைக்கிறான். இந்தக் கணக்கை ஆட்சியருக்குப் புரியும் மொழியில் எடுத்துச் சொன்ன அந்த ஊராரில் ஒருவர் பெயரும் நிலைக்கவில்லை, ஆட்சியர் பெயர் நிலைத்துவிட்டது. வரலாற்றில் இது புதிதல்ல என்றாலும் வருத்தமாகவே இருக்கிறது.

ஏரியின் ஓராண்டு

ஐப்பசி மழையில் ஏரி நிறையும். நீருக்குள் நிற்கும் கடப்ப மரங்களும் கருவேல மரங்களும் இடுப்பளவு மூழ்கித் தீவுகள் போல நிற்கும். முதலில் வருபவற்றில் நத்தைகுத்தி நாரையும் ஒன்று. மூடிய அலகின் நடுவே இடைவெளி தெரியும் இந்த நாரைக்கு வயல் நத்தைதான் முக்கிய உணவு. பின்னாலேயே வெள்ளை அரிவாள் மூக்கன், கரண்டிவாயன், நீர்க்காகம், பாம்புத்தாரா, வக்கா, சாம்பல் நாரை. மஞ்சள் மூக்கு நாரையும் கூழைக்கடாவும் சேரும்போது மரத்தில் இலை தெரியாது. இவை பெரும்பாலும் இந்தியத் துணைக்கண்டத்துக்குள்ளேயே இடம் மாறுகிற பறவைகள். இனப்பெருக்கத்துக்காகவே இங்கு வருகின்றன.

வட ஆசியாவிலிருந்து குளிருக்குத் தப்பி வரும் வாத்துகளான ஊசிவால் வாத்து, நீலச்சிறகி, தட்டைவாயன் ஆகியவை இங்கே கூடு கட்டுவதில்லை. தீனி தேடி, இளைப்பாறி, வெயில் ஏறும் முன் கிளம்பிவிடும். இவற்றைப் பார்க்க வருபவர்கள் அருகிலுள்ள கரிக்கிலி ஏரிக்கும் போவது நல்லது. சுமார் 61 ஹெக்டேர் பரப்புள்ள அங்கு ஆழம் குறைந்த திறந்த நீர் அதிகம். வாத்தும் உள்ளானும் அதைத்தான் விரும்பும்.

கூட்டமாகக் கூடு கட்டும் பறவைகளுக்குத் துப்பாக்கி செய்யும் கேடு, விழுந்த பறவைகளின் எண்ணிக்கையோடு முடிவதில்லை. ஒரு வெடிச்சத்தத்துக்கு மரம் மொத்தமும் எழும்பும். தாய்ப்பறவை இல்லாத அந்த நேரத்தில் முட்டை வெயிலில் வேகும். குஞ்சு தவறி நீரில் விழும். காகமும் பருந்தும் கூட்டுக்குள் இறங்கும். ஒரே பருவத்தில் இது பலமுறை நடந்தால் பறவைகள் அடுத்த ஆண்டு வேறு ஏரி தேடிக்கொள்ளும். வேடந்தாங்கலார் பயந்தது இதற்குத்தான். சிவகங்கை மாவட்டம் வேட்டங்குடிப்பட்டி சரணாலயத்தை ஒட்டிய கொள்ளுகுடிப்பட்டி மக்கள் பல பத்தாண்டுகளாகத் தீபாவளிக்குக்கூடப் பட்டாசு வெடிப்பதில்லை. அதன் காரணமும் இந்தச் சத்தம்தான். திருநெல்வேலிப் பக்கம் கூந்தன்குளத்தில் பறவைகள் ஊருக்குள் வீட்டு மரங்களிலேயே கூடு கட்டுகின்றன. கூட்டிலிருந்து விழும் குஞ்சுகளை ஊரார் எடுத்து வளர்த்து விடுகிறார்கள்.

துப்பாக்கியின் பக்கம்

குளிர்கால ஏரி வேட்டை ஆங்கிலேயர் காலத்தில் அதிகாரிகளின் விடுமுறைப் பொழுதுபோக்கு. செங்கற்பட்டு வயல்களில் அவர்கள் தேடி அலைந்தது உள்ளானை. வளைந்து வளைந்து பறக்கும் உள்ளானைச் சுட்டு வீழ்த்துவது கடினம். மறைந்திருந்து குறிதவறாமல் சுடும் படைவீரனைக் குறிக்கும் ஸ்னைப்பர் என்ற சொல், பதினெட்டாம் நூற்றாண்டில் இந்தியாவிலிருந்த பிரிட்டிஷ் படையினரின் உள்ளான் (ஆங்கிலத்தில் ஸ்னைப்) வேட்டையிலிருந்து பிறந்ததாகச் சொல்லப்படுகிறது.

வேட்டைக்காரர்கள் நீர்நிலைகளை அழிக்க மட்டுமே செய்தார்கள் என்பதும் சரியல்ல. ராஜஸ்தானின் பரத்பூர் சதுப்பு நிலத்தை வாத்து வேட்டைக்காகவே கரைகட்டி வளர்த்தவர்கள் அந்தச் சமஸ்தானத்து மன்னர்கள். 1938 நவம்பர் 12 அன்று வைஸ்ராய் லின்லித்கோ வந்த வேட்டையில் ஒரே நாளில் 4,273 பறவைகள் வீழ்ந்தன. அந்தக் கணக்கு அங்கே கல்லில் வெட்டி வைக்கப்பட்டிருக்கிறது. 1972 வரை அங்கு வேட்டை உரிமை இருந்தது. 1982இல் அது தேசியப் பூங்காவானதும் மாடு மேய்க்கத் தடை வந்தது. தலைமுறையாக மேய்த்துவந்த ஊரார் எதிர்த்தனர். போலீஸ் துப்பாக்கிச்சூட்டில் சிலர் இறந்தனர். வேடந்தாங்கலில் காவலைக் கேட்டவர்கள் ஊரார். பரத்பூரில் காவல் ஊராரின் மேல் வந்து விழுந்தது. இந்த வேறுபாட்டை இந்தியாவில் சரணாலயம் அமைக்கும் எவரும் முதலில் படிக்க வேண்டும்.

1972ஆம் ஆண்டின் வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டம் வேட்டையை உரிமத்துக்குள் கொண்டுவந்தது. 1991ஆம் ஆண்டுத் திருத்தம் அந்த உரிமங்களையும் ஒழித்தது. துரைமார் வேட்டை அதற்கு வெகுமுன்பே ஓய்ந்திருந்தது. சட்டம் கடைசியில் கைவைத்தது நாட்டுத் துப்பாக்கியும் கண்ணியும் கொண்டு கொக்கு, மடையான், காடை, கௌதாரி பிடித்து விற்றுப் பிழைத்தவர்களின் தொழிலில். நரிக்குறவர்களுக்குக் குருவிக்காரர் என்றே ஒரு பெயர் உண்டு. பறவை பிடிப்பது குற்றமானபோது அவர்களுக்கு மாற்றுத் தொழிலை யாரும் எடுத்து வைக்கவில்லை. ஊசிமணி, பாசிமணி விற்பது ஒன்றுதான் பலருக்கு மிஞ்சியது. நரிக்குறவர், குருவிக்காரர் சமூகங்கள் பழங்குடிப் பட்டியலில் சேர்க்கப்பட்டது 2023இல், அதாவது சட்டம் வந்து ஐம்பது ஆண்டுகள் கழித்து. குளிர்காலத்தில் ஏரியோரச் சாலைகளில் மடையான் விற்பவர் பிடிபடும்போது அவரை வெறும் குற்றவாளியாக எழுதுகிற செய்திகளில் இந்த ஐம்பது ஆண்டுகளும் விடுபட்டுப் போகின்றன.

தடை தேவை என்பதில் ஐயமில்லை. சுட்ட இடத்தில் சிதறும் ஈயக்குண்டுகளையும் வாத்துகள் செரிமானத்துக்காக விழுங்கும் சிறுகற்களோடு சேர்த்து விழுங்கி நஞ்சேறிச் சாகின்றன. குண்டு படாத பறவையையும் வேட்டை கொல்கிறது. அமெரிக்கா 1991இல் நாடு முழுவதும் நீர்ப்பறவை வேட்டைக்கு ஈயக்குண்டைத் தடைசெய்தது. ஐரோப்பிய ஒன்றியத்தின் சதுப்பு நிலங்களில் 2023 முதல் அதற்குத் தடை.

இன்றைய நிலை

1998இல் ஏரியைச் சுற்றி 5 கிலோமீட்டர் ஆரமுள்ள பகுதி முழுவதும் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. ஏரியின் பரப்பு சிறிது. பறவைகள் மேயப் போவது சுற்றியுள்ள வயல்களுக்கும் தாங்கல்களுக்கும். அவற்றையும் சேர்க்காமல் ஏரியை மட்டும் காப்பது, வீட்டைப் பூட்டிவிட்டு அடுப்பங்கரையைத் திறந்துபோடுவது போலாகும். 2020இல் இந்த எல்லையை 3 கிலோமீட்டராகக் குறைக்கும் முன்மொழிவு வந்தபோது கடும் எதிர்ப்பு எழுந்ததற்கு இதுவே காரணம். 2022இல் வேடந்தாங்கலும் கரிக்கிலியும் பன்னாட்டு முக்கியத்துவம் வாய்ந்த ராம்சர் ஈரநிலங்களின் பட்டியலில் சேர்ந்தன. துப்பாக்கிச் சத்தம் அடங்கிய ஏரிக்கு இன்றைய கவலை ஆலைக் கழிவும், வயல் மனையாவதும், மழை பொய்க்கும் ஆண்டுகளும்தான். ஏரி நிறையாத ஆண்டில் பறவைகள் வருவதில்லை.

பார்க்க வருபவர்கள் கரைமேல் நடைபாதையிலும் கண்காணிப்புக் கோபுரத்திலும் நின்று பார்க்கலாம். அதிகாலையில் கூட்டைவிட்டுக் கிளம்பும் நேரமும், மாலை நான்கு மணிக்குமேல் திரும்பும் நேரமும் ஏற்றவை.

மலாக்காவிலிருந்து பார்க்கையில்

மலேசியத் தோட்டத் தொழிலாளர்களின் முன்னோர் கப்பலேறிய மாவட்டங்களில் செங்கற்பட்டும் ஒன்று. ஏரிக்கரை வாழ்வு தெரிந்தவர்களே ரப்பர் காட்டுக்குள் வந்து சேர்ந்தார்கள். மலாக்கா மாநிலத்தின் தென்கோடியில், ஜாசின் மாவட்டத்தில், ஜொகூர் எல்லையருகே இருக்கும் சுங்கை ரம்பாய் வட்டாரத்தில் இன்று எண்ணெய்ப்பனைதான் கண்ணுக்கெட்டியவரை. இங்கே ஏரிப்பாசனம் இல்லை. மாநிலத்தின் பெரிய நீர்த்தேக்கங்களான டுரியான் துங்கல், ஜுஸ் ஆகியவை குடிநீருக்காகக் கட்டப்பட்டவை. டுரியான் துங்கல் 1991இல் வறண்டு மலாக்காவே தண்ணீருக்குத் தவித்ததை மூத்தவர்கள் மறக்கவில்லை.

வலசைப் பாதையும் வேறு. தமிழ்நாட்டுக்கு வரும் வாத்துகள் மத்திய ஆசியப் பாதையில் வருகின்றன. மலாக்கா, கிழக்கு ஆசிய ஆஸ்திரேலியப் பாதையில் இருக்கிறது. மாநிலத்தின் பெயர்பெற்ற பறவைக் காட்சி தஞ்சோங் துவான். நெகிரி செம்பிலான் கரைக்குள் தனித் துண்டாக இருக்கும் இந்த மலாக்கா நிலத்தில், சுமத்ராவில் குளிர்காலத்தைக் கழித்த தேன்பருந்துகள் வடக்கே திரும்பும் வழியில் நீரிணையைக் கடந்து வந்து கரையேறுகின்றன. மலேசிய இயற்கைக் கழகம் 2000ஆம் ஆண்டு முதல் மார்ச் மாதத்தில் அங்கே பருந்து பார்க்கும் விழா நடத்திவருகிறது.

வேட்டைச் சட்டமும் ஒன்றல்ல. மலேசியாவின் 2010ஆம் ஆண்டு வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டம் சில உயிரினங்களை முழுமையாகக் காக்கிறது. சிலவற்றை உரிமம் பெற்று வேட்டையாட அனுமதிக்கிறது. உரிமம் வழங்குவது பெர்ஹிலித்தான் எனப்படும் வனவுயிர்த் துறை. தோட்டத்து வாய்க்கால் ஓரங்களில் ஓடித் திரியும் ருவாக் ருவாக், நம் ஊர்க் கானாங்கோழிதான். இங்கே அது உரிமத்தோடு வேட்டையாடப்படும் பறவை. தமிழ்நாட்டில் அதைப் பிடித்தால் வழக்கு.

ஒரு பறவை மட்டும் இரு கரைகளையும் இணைக்கிறது. தீபகற்ப மலேசியாவில் முன்பு மிக அரிதாக இருந்த நத்தைகுத்தி நாரை, கடந்த இருபது ஆண்டுகளுக்குள் நெல்வயல்களில் கூட்டமாக வந்து இறங்கத் தொடங்கியிருக்கிறது. இங்கே அதற்குக் கிடைக்கும் தீனி, தென் அமெரிக்காவிலிருந்து வந்து நாற்றைத் தின்று தீர்க்கும் கோண்டாங் எமாஸ் என்ற பொன்னிற நத்தை. அந்த நத்தையைக் கையால் பொறுக்கியும் மருந்தடித்தும் அலுத்துப்போன விவசாயிகளுக்கு, வேடந்தாங்கல் உழவர்களின் கணக்கை யாரும் விளக்க வேண்டியிருக்காது.