பெயரும் நிரலும்: ஓப்பன்ஆபிஸ் பிளவு (2010–2011)

கட்டற்ற மென்பொருளில் நிரலுக்கு வழங்கப்படும் உரிமை பெயருக்கும் வழங்கப்படுவதாகக் கொள்ள இயலாது. ஓப்பன்ஆபிஸ் வரலாறு இதற்குச் சான்று. ஜெர்மனியின் ஸ்டார் டிவிஷன் உருவாக்கிய ஸ்டார்ஆபிஸ் தொகுப்பு விண்டோஸ், லினக்ஸ், சோலாரிஸ் ஆகிய இயங்குதளங்களில் இயங்கியது. அந்நிறுவனத்தை 1999இல் வாங்கிய சன் மைக்ரோசிஸ்டம்ஸ், 2000 அக்டோபர் 13 அன்று அதன் மூல நிரலை எல்ஜிபிஎல் உரிமத்தில் வெளியிட்டது. நிரலை எவரும் எடுத்துத் திருத்தலாம். ஓப்பன்ஆபிஸ் என்னும் பெயரோ வணிகக்குறியாக நிறுவனத்திடமே இருந்தது.

2010 ஜனவரியில் சன் நிறுவனம் ஆரக்கிளின் வசமானது. அவ்வாண்டு செப்டம்பர் 28 அன்று பங்களிப்பாளர்கள் டாக்குமெண்ட் பவுண்டேஷனை அறிவித்தனர். நிரலை எடுத்துச்செல்ல எவர் இசைவும் வேண்டியிருக்கவில்லை. பெயரை வேண்டினர், கிடைக்கவில்லை. இடைக்காலப் பெயராகச் சூட்டப்பெற்ற லிப்ரேஆபிஸ் என்பதே நிலைத்துவிட்டது.

2011 ஜூனில் ஆரக்கிள் பழைய திட்டத்தை அப்பாச்சி அறக்கட்டளைக்கு அளித்தது. இப்பிளவை வெறும் குழுப்பூசலாகக் கருதுவது போதாது. அப்பாச்சி உரிமத்தில் வெளிவரும் திருத்தங்களை லிப்ரேஆபிஸ் ஏற்கலாம். லிப்ரேஆபிஸின் திருத்தங்களை அப்பாச்சி தன் உரிமத்தின்கீழ்ச் சேர்க்க இயலாது. நிரல் ஒருவழியாகவே பாய்ந்தது. மக்கள் அறிந்த பெயர் மறுபுறம் தங்கியது. எனினும், 2006இல் ஐஎஸ்ஓ தரமாக ஏற்கப்பெற்ற திறந்த ஆவண வடிவத்தையே இரண்டும் கையாண்டமையால், பயனரின் கோப்புகள் எத்தொகுப்பிலும் திறந்தன.