கேட்கப்படாத மனைவிகள் - 19ஆம் நூற்றாண்டுத் தமிழ் நாவல்களில் திருமணம்

1889இல் கல்கத்தாவில் புல்மணி என்ற சிறுமி, கணவனின் பலாத்காரத்தால் இறந்தாள். அவளுக்கு 10 வயது தாண்டியிருந்தது. அன்றைய சட்டப்படி 10 வயதைத் தாண்டிய மனைவியிடம் கணவன் நடந்துகொள்வது பலாத்காரக் குற்றமே ஆகாது. எனவே அவனுக்குக் கிடைத்தது 12 மாதச் சிறை மட்டும். இந்த வழக்கு கிளப்பிய விவாதத்தின் பயனாக 1891இல் சம்மத வயதுச் சட்டம் வந்தது. 10 என்பது 12 ஆனது. அவ்வளவுதான்! அதற்கே திலகர் உட்படப் பலர் எதிர்ப்புத் தெரிவித்தனர்.

சட்டம் வயதைத்தான் பார்த்தது. வயது வந்த மனைவியின் நிலை என்ன என்பதை அக்காலத் தமிழ் நாவல்கள் காட்டுகின்றன.

முதல் தமிழ் நாவலான 'பிரதாப முதலியார் சரித்திர'த்தில் (1879) இந்தத் துயரம் அதிகம் இல்லை. மாயூரம் வேதநாயகம் பிள்ளை பெண்கல்விக்காக வாதாடியவர். அவருடைய ஞானாம்பாள் ஆண் வேடமிட்டு ஒரு நாட்டையே ஆள்கிறாள். ஆனால் ஞானாம்பாள் ஒரு கனவு. அன்று எத்தனை வீடுகளில் அப்படி ஒருத்தி இருந்திருக்க முடியும்?

அடுத்து வந்த இரண்டு நாவல்கள் வீட்டுக்கு அருகில் வருகின்றன. ராஜம் ஐயரின் 'கமலாம்பாள் சரித்திரம்' 1893 முதல் 'விவேக சிந்தாமணி' இதழில் தொடராக வந்தது. அதில் முத்துஸ்வாமி ஐயர் ஊர் வம்பை நம்பி மனைவியைச் சந்தேகிக்கிறார். 1898இல் வெளிவந்த அ. மாதவையாவின் 'பத்மாவதி சரித்திர'த்திலும் நாராயணன் தன் மனைவியை நண்பனோடு சேர்த்துச் சந்தேகப்படுகிறான். ஒருவர் வேதாந்தி, மற்றவர் சீர்திருத்தவாதி. ஆனால் இருவர் கதையும் ஒரே இடத்தில்தான் திரும்புகிறது. கணவன் சந்தேகப்பட்டால் போதும், மனைவி குற்றவாளி. அவளை ஒரு வார்த்தை கேட்க வேண்டும் என்று அவனுக்குத் தோன்றுவதில்லை. ராஜம் ஐயரின் முத்துஸ்வாமி ஐயருக்குத் துறவு என்ற வழியாவது இருக்கிறது. கமலாம்பாளுக்கு?

கேட்கப்படாத அந்தப் பெண்ணையே பேச வைத்ததுதான் மாதவையாவின் 'முத்துமீனாட்சி'. குழந்தை மணம், மாமியார் கொடுமை, விதவைக் கோலம், இறுதியில் மறுமணம் என்று தன் கதையைத் தானே சொல்கிறாள் அவள். மாதவையா இதை 20 வயதில், 1892இல், 'சாவித்திரி சரித்திரம்' என்ற பெயரில் அதே 'விவேக சிந்தாமணி'யில்தான் எழுதத் தொடங்கினார். சில பகுதிகளோடு தொடர் நின்றுவிட்டது. நூலாக வர 1903 ஆகிவிட்டது! விதவை மறுமணத்தை அனுமதிக்கும் சட்டம் 1856இலேயே வந்திருந்தது என்பதையும் நினைவில் கொள்ள வேண்டும்.

இவர்கள் எல்லோரும் ஆண்கள். அன்றைய சென்னையில் ஒரு பெண்ணும் இதே பொருளில் நாவல் எழுதினார், ஆனால் ஆங்கிலத்தில். கிருபாபாய் சத்தியநாதனின் 'கமலா' 1894இல் நூலானது. அந்த ஆண்டே அவர் இறந்தார். அவருடைய நாயகியும் சிறுவயதில் மணமாகி, புகுந்த வீட்டில் துன்புற்று, விதவையாகிறாள். அவளை விரும்பும் ஒருவன் மணக்கக் கேட்கிறான். கமலா சம்மதிக்கவில்லை. தன் பணத்தை ஏழைப் பெண்களுக்குச் செலவிட்டுத் தனியாகவே வாழ்ந்து முடிக்கிறாள்.