பிள்ளைக் காம்பராவும் அம்மாவின் பேரும்

வட்டவளைப் பக்கம் தோட்டத்தில் ‘பேர்’ என்றால் ஒருநாள் சம்பளம். நேரத்துக்குப் பிரட்டுக்கு நிற்கணும், சொன்ன கிலோ கொழுந்து எடுக்கணும், இல்லாட்டி அரைப்பேர்தான். கைக்குழந்தை உள்ள அம்மா முழுப்பேர் எடுப்பது எப்படி? அதற்குத் தோட்டம் வைத்த பதில்தான் பிள்ளைக் காம்பரா.

இதைப் பிள்ளைகள்மேல் வந்த பாசம் என்று நாங்கள் நினைக்கவில்லை. கொழுந்து எடுப்பவர்களில் பெரும்பாலானோர் பெண்கள். அவர்கள் லயத்திலேயே நின்றால் கொழுந்து முத்திப்போகும்.

சட்டத்தைப் பார்த்தாலும் அதே கணக்குதான். 1939ஆம் ஆண்டின் மகப்பேற்று நன்மைகள் சட்டத்தில் பின்னால் ஒரு பிரிவு சேர்ந்தது. ஒரு வயதுக்குக் குறைந்த பிள்ளைக்குப் பாலூட்ட வேலைநாளில் இரண்டு இடைவேளை. பிள்ளைக் காம்பரா இருந்தால் ஒவ்வொன்றும் 30 நிமிடம், இல்லாவிட்டால் 1 மணித்தியாலம். கூட்டிப் பாருங்கள்: காம்பரா இருந்தால் ஒவ்வொரு தாயிடமும் தோட்டத்துக்கு நாளொன்றுக்கு ஒரு மணித்தியாலம் மிச்சம். மேல் மலையிலிருந்து இறங்கி, பால் கொடுத்து, திரும்ப ஏற அரை மணித்தியாலம் எப்படிக் காணும்?

அதற்காகக் காம்பராவே வேண்டாம் என்று சொல்ல முடியாது. அது இல்லாத இடத்தில் தம்பி தங்கச்சியைப் பார்க்கப் பள்ளிக்கூடத்தை விட்டது அக்காமார்தான். 1992இல் தோட்டங்கள் கம்பனிகளின் கைக்குப் போன பிறகு, காம்பராக்கள் ‘சிறுவர் அபிவிருத்தி நிலையம்’ ஆகின. பயிற்சி பெற்றவர்களும் வந்தார்கள். நல்ல விஷயம்தான்.

ஆனால் மாறாத ஒன்று உண்டு. 1984இல் ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே சம்பளம் வந்தது. கவ்வாத்து முடித்த ஆண்கள் பெரும்பாலும் பகலோடு வீட்டுக்கு வந்துவிட்டார்கள்; பெண்கள் அந்திக் கொழுந்து நிறுக்கும்வரை மலையில். காலையில் பிள்ளையை விடுவதும் அந்தியில் தூக்கி வருவதும் அநேகமாக அந்தப் பெண்களே.

இன்று அம்மாக்கள் கொழும்புக்கும் வளைகுடாவுக்கும் போகிறார்கள். அங்கே அவர்களுக்குப் பிள்ளைக் காம்பரா கிடையாது. லயத்தில் இருக்கும் அம்மாயிதான் காம்பரா. 2013இல் அரசு, ஐந்து வயதுக்குக் குறைந்த பிள்ளை உள்ள பெண்கள் வீட்டு வேலைக்கு வெளிநாடு போகக் கூடாது என்றது. டொலர் தட்டுப்பட்ட 2022இல் அந்த வயது இரண்டாகக் குறைந்தது. இரண்டு வயதுப் பிள்ளைக்கு அம்மா தேவைப்படுவது அந்த ஒன்பது வருடத்தில் குறைந்துவிட்டதா என்ன?

இந்தச் சட்டங்கள் எல்லாம் பிள்ளையின் வயதை வைத்து அம்மாவின் வேலையை அளக்கின்றன. அப்பா வெளிநாடு போகும்போது யாரும் பிள்ளையின் வயதைக் கேட்கவில்லை. பேர் சமமானால் மட்டும் போதாது. பிள்ளையைத் தூக்கிவரும் நேரமும் வீட்டில் பங்காக வேண்டும்.