இரண்டு காதுகளுக்கு ஒரு பெட்டி

வீட்டில் பாட்டுக் கேட்க மலிவாக ஒரு ஸ்டீரியோ ரிஸீவர் வாங்குவது இன்று வெறும் ருசி சம்பந்தப்பட்ட காரியம். எத்தனை வாட், எந்தக் கம்பெனி, ஸ்பீக்கர் எத்தனை ஓம் என்பதோடு பேச்சு முடிந்துவிடுகிறது. ஆனால் கேட்பது என்பது நம்மிடையே ருசியின் விஷயமாக இருந்ததைவிட அனுமதியின் விஷயமாகவே அதிக காலம் இருந்திருக்கிறது. யார் கேட்கலாம், எதைக் கேட்கலாம் என்பதை வேறு யாரோ தீர்மானித்தார்கள். புதுச்சேரியை வைத்து இதைப் பார்ப்பது சௌகரியம். வெளியிலிருந்து வந்த ஒலியையே நெடுநாள் கேட்டுக்கொண்டிருந்த ஊர் அது.

1933ன் இந்திய வயர்லெஸ் டெலிகிராஃப் சட்டம், லைசென்ஸ் இல்லாமல் ரேடியோ வைத்திருப்பதைக் குற்றமாக்கியது. வருஷாவருஷம் தபாலாபீசில் பணம் கட்டவேண்டும். இது பிரிட்டிஷ் இந்தியாவின் சட்டம். பிரெஞ்சுப் புதுச்சேரி அதற்கு வெளியே இருந்தது. அலைகளுக்குச் சுங்கச் சாவடி கிடையாது. 1938ல் சென்னை நிலையமும் 1939ல் திருச்சி நிலையமும் ஆல் இந்தியா ரேடியோவின் கீழ் தொடங்கியபின், ஒரு தேசத்தின் வானொலியை இன்னொரு தேசத்தின் மண்ணிலிருந்து கேட்கிற விநோதம் அங்கே சாதாரண விஷயமாயிற்று. 1947 ஆகஸ்டில் சுதந்திர தினத்துக்கான செய்தி ஒன்று தரும்படி அரவிந்தரைக் கேட்டது திருச்சி நிலையம்தான். முதலில் எழுதிக் கொடுத்தது ஒதுக்கப்பட்ட நேரத்துக்கு நீளமாகிவிட்டதால் சுருக்கித் தந்தார். 14ம் தேதி அது ஒலிபரப்பாயிற்று. புதுச்சேரியில் எழுதப்பட்ட வார்த்தை எழுத்தாகத் திருச்சிக்குப் போய் ஒலியாக ஆகாயவழி திரும்பிற்று. மகானாக இருந்தாலும் நிலையத்தின் கடிகாரத்துக்குக் கட்டுப்பட வேண்டியிருந்தது என்பதும் கவனிக்கத்தக்கது.

பிரான்சில் செய்த பழைய வால்வ் ரேடியோக்களைப் பார்த்திருப்பவர்களுக்கு அவற்றின் டயல் நினைவிருக்கும். பே.ஓ., ஜே.ஓ., ஓ.சே. என்று மூன்று வரிசை: மத்திய அலை, நெட்டலை, சிற்றலை. கண்ணாடியில் லக்ஸம்பர்க், பாரிஸ், ஹில்வர்ஸம் என்று ஐரோப்பிய ஊர்ப்பெயர்கள். நம் பக்கத்தில் நெட்டலையில் ஒலிபரப்பே கிடையாது. ஆகவே அந்த வரிசை முழுவதும் இங்கே ஊமை. பெயர் மட்டும் விளக்கொளியில் தெரியும், ஊர் பேசாது. காலனி கலாசாரம் என்று நாம் பக்கம் பக்கமாக எழுதுவதற்கு இதைவிடச் சுருக்கமான படம் எனக்குத் தெரியவில்லை.

1954 நவம்பர் 1ல் நிர்வாகம் இந்தியாவின் கைக்கு வந்தது. புதுச்சேரிக்காரன் அன்றிலிருந்து பி.வி. கேஸ்கரின் செவிக்கும் பிரஜையானான். 1952 முதல் 1962 வரை தகவல் ஒலிபரப்பு மந்திரியாக இருந்த கேஸ்கர் சாஸ்திரீய சங்கீதத்தில் மெய்யான பக்தி உள்ளவர். சினிமாப் பாட்டு ஜனங்களின் காதைக் கெடுக்கிறது என்று நினைத்தார். வானொலியில் அதைச் சுருக்கிச் சுருக்கி ஏறக்குறைய இல்லாமலே செய்தார். அதற்கும் முன்பே, 1940ல், ஹார்மோனியத்தை வானொலியிலிருந்து வெளியேற்றியிருந்தார்கள். சுருதி விஷயத்தில் அரசாங்கத்துக்கு அவ்வளவு அக்கறை.

ஜனங்கள் பதில் எழுதவில்லை, கூட்டம் போடவில்லை. குமிழைத் திருப்பினார்கள். யுத்த காலத்தில் நேசநாட்டுச் சிப்பாய்களுக்காக இலங்கையில் நிறுவப்பட்ட சக்திவாய்ந்த சிற்றலை ஒலிபரப்பி, யுத்தம் முடிந்தபின் ரேடியோ சிலோனின் கைக்கு வந்திருந்தது. மயில்வாகனன் என்ற பெயர் தமிழ்நாட்டு அடுக்களைகளில் மந்திரிமார் பெயரைவிட நன்றாகத் தெரிந்தது. பின்னால் கே.எஸ். ராஜா, அப்துல் ஹமீது. கடல்மேல் மத்திய அலை நிலத்தைவிட இழப்பில்லாமல் பயணம் செய்யும் என்பதால் கரையோர ஊர்களுக்குக் கொழும்பு இன்னும் நெருக்கம். 1957 அக்டோபரில் ஆல் இந்தியா ரேடியோ விவித பாரதியைத் தொடங்கிச் சினிமாப் பாட்டைத் திரும்ப உள்ளே அழைத்தது. மந்திரி தோற்றது எதிர்க்கட்சியிடம் அல்ல.

இந்த இடத்தில் நம்மைப் பற்றியும் கொஞ்சம் பேசவேண்டும். சிறுபத்திரிகைக்காரர்களாகிய நாம், சொல்லிக்கொள்ளாவிட்டாலும், பெரும்பாலும் கேஸ்கர் கட்சி. வெகுஜன ருசி என்ற வார்த்தையை நாம் உச்சரிக்கும் தொனி அவருடையது. அவரிடம் இலாகா இருந்தது, நம்மிடம் முந்நூறு பிரதி. கொழும்பு நிலையம் ஒன்றும் புனிதமானதல்ல, விளம்பரத்தில் வாழ்ந்தது. இருந்தும், ஒருவன் தன் பெட்டியில் எதைக் கேட்பது என்று தானே தேர்ந்துகொள்வதற்கும் அவனுக்கு நல்ல ருசி உண்டாக்குவதற்கும் இடையிலுள்ள சிக்கலை நாம் இன்னும் யோக்கியமாக எதிர்கொள்ளவில்லை என்றே நினைக்கிறேன்.

புதுச்சேரிக்குச் சொந்த நிலையம் 1967ல் வந்தது. சட்டப்படி பிரான்ஸ் ஊரைக் கைமாற்றி ஐந்து வருஷம் கழித்து.

ஸ்டீரியோவின் கதை வேறு விதம். எஃப்.எம்.மில் ஸ்டீரியோ அனுப்பும் முறையை அமெரிக்கா அங்கீகரித்தது 1961ல். சென்னையில் எஃப்.எம். தொடங்கியது 1977 ஜூலையில். இடைப்பட்ட காலத்தில் புதுச்சேரியில் ஒருவர் சிரமப்பட்டு ஸ்டீரியோ ரிஸீவர் சம்பாதித்திருந்தால், அதற்கு ஆகாயத்திலிருந்து ஸ்டீரியோவாகக் கிடைத்தது ஒன்றுமில்லை. மத்திய அலையில் வந்த ஒரே குரலை இரண்டு ஸ்பீக்கரும் சொல்லிக்கொண்டிருக்கும். நம்மிடம் ரிஸீவர் என்ற சொல் டெலிபோனோடு ஒட்டிக்கொண்டு, இந்தப் பெட்டிக்கு 'செட்' என்றும் 'ஆம்ப்ளிஃபையர்' என்றும் பெயர் நிலைத்தது தற்செயல் அல்ல. பெற்றுக்கொள்ள எதுவும் வராதபோது அது வெறும் பெருக்கும் சாதனம்தான். இசைத்தட்டும், பிறகு காஸெட்டும் அதற்குத் தீனி போட்டன. ஸ்டீரியோவில் பதிவான 'பிரியா'வின் (1978) பாடல்களைக் கேட்டபோதுதான் வயலின் ஒரு பக்கமும் தாளம் மறுபக்கமும் இருக்க முடியும் என்று பல வீடுகளுக்குத் தெரியவந்தது. காஸெட் கடையில் பட்டியல் எழுதிக் கொடுத்துப் பதிவு செய்துகொண்டவனுக்குக் கொழும்பும் வேண்டியிருக்கவில்லை, டெல்லியும் வேண்டியிருக்கவில்லை. லைசென்ஸும் எண்பதுகளின் நடுவில் ஒழிந்தது.

வெளிநாட்டுச் செட்டுக்கு வரி கடுமையாக இருந்ததால் மலிவு என்பது உள்ளூர் மெக்கானிக்கின் மேஜையில் உருவாயிற்று. டிரான்ஸ்ஃபார்மர், 2என்3055 டிரான்ஸிஸ்டர்கள், ப்ளைவுட் பெட்டி. சிங்கப்பூரிலிருந்தும் வளைகுடாவிலிருந்தும் வந்த டூ-இன்-ஒன் இன்னொரு வகை. பின்னால் வந்த ப்ளாஸ்டிக் செட்டுகளின் நெற்றியில் ஆயிரம் வாட் பி.எம்.பி.ஓ. என்று ஒட்டியிருக்கும். அந்த அளவுக்கு ஒப்புக்கொள்ளப்பட்ட வரையறை எதுவுமில்லை. கவிதைத் தொகுப்பின் பின்னட்டை மாதிரி.

மகாத்மா காந்தி சாலையின் ஞாயிற்றுக்கிழமைச் சந்தையில் பழைய செட் தேடுகிறவர்கள் முதலில் பின்பக்கத்தைப் படிக்கவேண்டும். ஜப்பான் தன் ஜனங்களுக்காகச் செய்தது 100 வோல்ட். நம் 230ல் நேராகச் சொருகினால் புகை. அதன் எஃப்.எம். 76ல் தொடங்கி 90க்குள் முடிந்துவிடும், நம்முடைய நிலையங்கள் பெரும்பாலும் அதற்கு மேலே. குமிழைத் திருப்பும்போது வருகிற கரகரப்பு துடைத்தால் போகும். ஒரு பக்கம் ஊமையாக இருந்தால் விட்டுவிடுவது நல்லது.

எஃப்.எம். ஸ்டீரியோவில் இடதும் வலதும் தனித்தனியாக வருவதில்லை. இரண்டின் கூட்டுத்தொகையும், இரண்டுக்குமுள்ள வித்தியாசமும் வருகின்றன. பெட்டிதான் பிரித்துக் கொடுக்கிறது. தூரத்து நிலையமானால் அந்த வித்தியாசம் முதலில் இரைச்சலில் மூழ்கும். சிவப்பு விளக்கு எரிந்துகொண்டிருக்கும், பாட்டின் பின்னால் மழை பெய்கிற சத்தம் கேட்கும். மோனோ பொத்தானை அமுக்கினால் அடங்கிவிடும்.