இந்தியக் குடிசார் பொறியியல் பாடத்திட்டம்: ரூர்க்கி முதல் 160 கிரெடிட் வரை

குடிசார் பொறியியல் இளநிலைப் பட்டத்தின் எட்டுப் பருவங்களில் எந்தப் பாடம் எங்கே இடம்பெற வேண்டும் என்று பாடத்திட்டக் குழுக்கள் விவாதிக்கும்போது, அவ்விவாதம் பெரும்பாலும் வரிசையைப் பற்றியதாகவே அமைகிறது. கணிதம் முடிந்தபின் இயக்கவியல், அதன்பின் பொருள்களின் வலிமை, பிறகு கட்டமைப்புப் பகுப்பாய்வு, அதற்கும் பிறகு வடிவமைப்பு. இவ்வரிசைக்குத் தர்க்கம் உண்டு. ஆயினும் ஒரு பாடம் ஏன் அங்கே இருக்கிறது, இன்னொன்று ஏன் இல்லை என்பதை இந்தத் தர்க்கத்தால் விளக்க முடியாது. வண்டல் படியாத கால்வாயின் வேகத்தைக் கணக்கிடும் கென்னடியின் சூத்திரம் இந்திய மாணவருக்குத் தேர்வு வினாவாக வருவதற்குக் காரணம் கணிதத்தில் இல்லை. பஞ்சாபின் கால்வாய்களில் இருக்கிறது. இந்தியப் பாடத்திட்டத்தின் வரலாற்றைப் பின்தொடர்ந்தால் இரண்டு கேள்விகள் மீண்டும் மீண்டும் எதிர்ப்படுகின்றன. படித்து வெளிவருபவருக்கு வேலை தந்தவர் யார்? இடிந்து விழுந்தது எது?

முதற்கேள்விக்கு மிகப் பழைய விடை சென்னையில் கிடைக்கிறது. 1794-இல் மைக்கேல் டாப்பிங் முயற்சியால் கிழக்கிந்தியக் கம்பெனி இங்கு நிலஅளவைப் பள்ளி ஒன்றைத் தொடங்கியது. கம்பெனிக்கு வரி வேண்டும். வரிக்கு நிலத்தின் அளவு வேண்டும். அளப்பதற்கு மலிவான கைகள் வேண்டும். ஐரோப்பியத் தந்தையருக்குப் பிறந்து ஆதரவற்றோர் இல்லத்தில் வளர்ந்த சிறுவர்களே அங்கு மாணவர்களாகச் சேர்க்கப்பட்டனர். அப்பள்ளியே பின்னர் 1859-இல் குடிசார் பொறியியல் கல்லூரியாகி, 1920-இல் கிண்டிக்கு இடம்பெயர்ந்தது. நிலஅளவை இன்றும் இந்தியப் பாடத்திட்டங்களில் இரண்டாம் ஆண்டின் முதன்மைப் பாடமாக நிற்பதற்கும், சர்வே முகாம் இல்லாமல் பட்டம் நிறைவடையாது என்ற எண்ணத்திற்கும் இத்தனை நீண்ட வேர் உண்டு.

ஆனால் பாடத்திட்டம் என்ற சொல்லுக்குரிய முழுமையான ஏற்பாடு முதலில் உருவானது ரூர்க்கியில். 1837-38-இல் கங்கை-யமுனைச் சமவெளியைச் சூறையாடிய பஞ்சத்திற்குப் பிறகு கங்கைக் கால்வாய்த் திட்டம் உயிர்பெற்றது. 1842-இல் தோண்டும் பணி தொடங்கியது. அதை வகுத்த புரோபி காட்லி பீரங்கிப் படை அதிகாரி. பொறியியலை அவர் களத்திலேயே கற்றுக்கொண்டவர். அக்காலத்தில் கம்பெனியின் பொறியாளர்கள் பெரும்பாலும் இங்கிலாந்தின் அடிஸ்கோம்பில் இராணுவக் கல்வி பெற்று வந்தவர்கள். சில நூறு கிலோமீட்டர் நீளக் கால்வாய்க்கு அந்த எண்ணிக்கை போதவில்லை. வடமேற்கு மாகாணங்களின் துணைநிலை ஆளுநர் ஜேம்ஸ் தாமசன் 1847-இல் ரூர்க்கியில் கல்லூரியை நிறுவியதன் உடனடிக் காரணம் இதுதான். சோலானி ஆற்றின் மேல் 50 அடி அகலமுள்ள 15 வளைவுகளின் மீது கால்வாயைக் கொண்டுசெல்லும் தொட்டிப்பாலம் கட்டப்பட்டுக்கொண்டிருந்த ஊர் அது. பட்டறைகளும் அங்கேயே இருந்தன. வகுப்பறைக்கு வெளியே கட்டுமானக் களமே பாடநூலாகக் கிடைத்தது. பிற்காலத்துக் கல்லூரிகளுக்கு வாய்க்காத பேறு இது.

இங்கே கவனிக்க வேண்டியது, அக்கல்லூரி ஒரே பாடத்திட்டத்தை வகுக்கவில்லை என்பது. முதல் பிரிவு பொறியாளர்களுக்கு உரியது: கணிதம், இயக்கவியல், கட்டுமானம், வரைபடம். இரண்டாம் பிரிவு ஐரோப்பியப் படைவீரர்களை ஓவர்சீயர்களாக ஆக்குவதற்கு. மூன்றாம் பிரிவு இந்திய இளைஞர்களுக்கு. அவர்களுக்கு நிலஅளவை, மட்டம் பார்த்தல், வரைபடம் ஆகியவை உருது மொழியில் கற்பிக்கப்பட்டன. முதல் பிரிவில் இந்தியருக்கு இடமே இல்லை என்பதில்லை. பின்னாளில் லாகூரின் பல கட்டடங்களை எழுப்பிய கங்கா ராம் 1873-இல் அங்கிருந்து வெளிவந்தவர். எனினும் அமைப்பின் நோக்கம் தெளிவானது. ‘ஏன்’ என்று கேட்கும் கல்வி ஆங்கிலத்தில் மேல்தட்டிலும், ‘எப்படி’ என்று செய்யும் கல்வி மக்கள் மொழியில் கீழ்த்தட்டிலும் வைக்கப்பட்டன. பட்டம், பட்டயம், ஐ.டி.ஐ. என்று இன்றுள்ள அடுக்குகளின் முன்வடிவம் இதுவே. ஓவர்சீயர் என்ற சொல் தமிழகக் கட்டுமானக் களங்களிலிருந்து இன்னும் மறையவில்லை என்பதையும் சேர்த்து எண்ணிப் பார்க்கலாம். தாய்மொழியில் பொறியியல் கற்பிப்பது இயலுமா என்ற விவாதம் எழும்போதெல்லாம் அது புதியதொரு சோதனையைப் போலப் பேசப்படுகிறது. ரூர்க்கியில் அது நடந்தே இருந்தது. பட்டத்தின் வாசலுக்கு வெளியே நிறுத்தப்பட்டிருந்தது, அவ்வளவுதான். அண்ணா பல்கலைக்கழகம் குடிசார், இயந்திரப் பொறியியல் இளநிலைப் பட்டங்களைத் தமிழ்வழியில் தொடங்கியது 2010-இல்.

டல்ஹௌசி 1854-இல் பொதுப்பணித் துறையைத் தனித்துறையாக அமைத்தார். அதன் தேவைக்கேற்பவே புனே, கல்கத்தா, சென்னை ஆகிய இடங்களில் கல்லூரிகள் அடுத்தடுத்து உருவாயின. துறையே முதலாளி என்பதால் துறையின் நடைமுறை பாடமாயிற்று. மதிப்பீடும் செலவுக் கணக்கும், விலைவிகிதப் பட்டியல், ஒப்பந்தப்புள்ளி, களத்தில் செய்த வேலையை அளந்து பதியும் எம்.புக், இவை யாவும் பாடத்திற்குள் வந்தது இவ்வழியே. மேனாட்டுப் பட்டப்படிப்புகளில் இவற்றுக்கு இத்தனை இடம் கிடையாது. கோட்பாட்டாளர்கள் இப்பாடத்தைச் சற்று இளக்காரமாகப் பார்ப்பதுண்டு. வேலைக்குச் சென்ற முதல் வாரத்திலேயே பட்டதாரிக்குக் கைகொடுப்பது பெரும்பாலும் இதுதான் என்பது வேறு கதை.

இரண்டாம் கேள்வி இன்னும் சுவையானது. கங்கைக் கால்வாய் 1854-இல் திறக்கப்பட்ட சில காலத்திலேயே அதன் சரிவு அதிகம் என்பது தெரியவந்தது. நீர் வேகமாக ஓடிப் படுகையை அரித்தது. ஐரோப்பாவின் சிறிய வாய்க்கால்களில் கண்ட அளவுகளிலிருந்து பெற்ற சூத்திரம் இமயத்திலிருந்து இறங்கும் பெருநீருக்குப் பொருந்தவில்லை. ஆர்தர் காட்டன் காட்லியைக் கடுமையாக விமர்சித்தார். இருவருக்கும் இடையே 1860-களில் நடந்த அச்சுப் போர் பொறியியல் வரலாற்றில் பெயர்பெற்றது. வேகம் கூடினால் அரிப்பு, குறைந்தால் வண்டல். எது சரியான வேகம் என்ற கேள்விக்கு விடை தேடி ஆர். ஜி. கென்னடி பஞ்சாபின் மேல் பாரி தோஆப் கால்வாயில், அரிப்பும் வண்டலும் இன்றிப் பல ஆண்டுகள் நிலைத்திருந்த பகுதிகளை அளந்தார். 1895-இல் அவர் வெளியிட்ட முடிவு, வேகத்தை நீரின் ஆழத்தோடு இணைத்தது. ஜெரால்ட் லேசி 1930 வாக்கில் அதை விரித்து, கால்வாய் தன் அகலத்தையும் சரிவையும் தானே தேடிக்கொள்ளும் என்ற சமநிலைக் கோட்பாடாக்கினார். கென்னடியும் லேசியும் நீர்ப்பாசனப் பொறியியல் பாடத்தில் அருகருகே நிற்பது இதனால்தான். ஒருவகையில் அவ்வலகு முழுவதும் காட்லியின் பிழைக்குச் செலுத்தப்பட்ட வட்டி.

அதே 1895-இல் செனாப் ஆற்றின் காங்கி அணைக்கட்டு சேதமுற்றது. மேலிருந்து பாய்ந்த வெள்ளம் அதைச் சாய்க்கவில்லை. அடித்தளத்தின் கீழுள்ள மணலினூடே நீர் கசிந்து, மணலைச் சுமந்து வெளியேறி, கட்டடத்தின் காலடியைக் குடைந்துவிட்டது. ரூர்க்கிக் கல்லூரியின் முதல்வராக இருந்த கர்னல் கிளிபர்ன் 120 அடி நீளமும் 2 அடி விட்டமும் கொண்ட குழாயில் காங்கியின் மணலையே நிரப்பி, நீர் எவ்வாறு ஊடுருவுகிறது என்று சோதித்தார். கல்லூரி முதல்வர் ஒருவர், இடிந்த அணையின் மணலைக் குழாயில் அடைத்து விடை தேடியது, ஆய்வும் கற்பித்தலும் பிரிந்திராத ஒரு காலத்தின் காட்சி. 1898-இல் கங்கையின் நரோரா அணைக்கட்டும் இதே காரணத்தால் உடைந்தது. அடுத்த பத்துப் பன்னிரண்டு ஆண்டுகளில் பிளை வகுத்த ஊர்வுக் கோட்பாடு, நீர் கட்டடத்தின் அடிப்பரப்பை ஒட்டி நகரும் தூரத்தைக் கொண்டு பாதுகாப்பை அளந்தது. எளிமையானது என்பதால் எங்கும் பரவியது. அதன்படி கட்டியவையும் 1920-களில் மேல் செனாப் கால்வாயில் தொல்லை கொடுத்தன. அவற்றின் அடியில் குழாய்களை இறக்கி உண்மையான அழுத்தத்தை அளந்தபோது, கணக்கும் களமும் ஒத்துப்போகவில்லை. அந்த வேறுபாட்டிலிருந்தே ஏ. என். கோஸ்லாவின் ஆய்வு பிறந்தது. கோஸ்லா, போஸ், டெய்லர் மூவரும் 1936-இல் வெளியிட்ட நூல் இன்றளவும் அணைக்கட்டு வடிவமைப்பின் அடிப்படை. ரூர்க்கியில் படித்த கோஸ்லாவே 1950-களில் அப்பல்கலைக்கழகத்தின் துணைவேந்தரும் ஆனார்.

பாடநூல்களில் இந்த நாற்பதாண்டு வரலாறு மூன்று உட்தலைப்புகளாகச் சுருங்கிவிட்டது: பிளை கோட்பாடு, அதன் குறைபாடுகள், கோஸ்லா கோட்பாடு. ஒவ்வொன்றுக்கும் ஒரு கணக்கு. இரண்டு அணைகள் உடைந்தன என்பது ஒரு வரியாக வரும், சில நூல்களில் அதுவும் வராது. சூத்திரத்தை மட்டும் கற்ற மாணவர், அது எந்த எல்லைக்குள் செல்லும் என்பதைக் கற்க வாய்ப்பில்லாமல் போகிறது. பிளையின் சூத்திரமும் ஒருகாலத்தில் ஐயத்துக்கு இடமில்லாத பாடமாகத்தான் கற்பிக்கப்பட்டது.

விடுதலைக்குப் பின் முதலாளி மாறினார், பாடத்திட்டமும் மாறியது. என். ஆர். சர்க்கார் குழுவின் 1946-ஆம் ஆண்டு இடைக்கால அறிக்கை முன்மாதிரியாகக் கண்டது அமெரிக்காவின் எம்.ஐ.டி.யை, 1951-இல் கரக்பூரில் முதல் ஐ.ஐ.டி. தொடங்கியது. அமெரிக்கப் பொறியியல் கல்வியை 1955-இன் கிரின்ட்டர் அறிக்கை ஏற்கெனவே திசைதிருப்பியிருந்தது: பட்டறை, வரைபட நேரங்கள் குறைய வேண்டும், பொறியியல் அறிவியல் பெருக வேண்டும். 1962 முதல் 1972 வரை ஒன்பது அமெரிக்கப் பல்கலைக்கழகங்கள் துணைநின்ற கான்பூர் ஐ.ஐ.டி.யில் எல்லாத் துறை மாணவரும் ஒன்றாகக் கணிதம், இயற்பியல், வேதியியல், மானுடவியல் பாடங்களைக் கற்றனர். இதன் நன்மையை மறுப்பதற்கில்லை. கட்டமைப்பு இயக்கவியலிலும் மண் இயக்கவியலிலும் இந்திய ஆய்வு தலைநிமிர்ந்ததற்கு இந்த அடித்தளம் உதவியது. ஆனால் 1980-களின் தொடக்கத்தில் ஐ.ஐ.டி.களின் ஐந்தாண்டுப் படிப்பு நான்காண்டாகியபோது, வெட்டுப்படக்கூடிய மணிநேரங்கள் எவை என்ற கேள்வி வந்தது. அத்தகைய தருணங்களில் களப்பணிக்காகப் பேச ஒருவரும் அமர்ந்திருப்பதில்லை. ஓவர்சீயரின் அறிவு பட்டத்துக்கு உரியதன்று என்ற 1847-இன் பிரிவினை, வேறொரு மொழியில் மீண்டும் உறுதிபெற்றது.

நிலநடுக்கப் பொறியியலின் கதை இவ்வரலாற்றின் மிகக் கசப்பான பகுதி. இங்கே அறிவு பேரழிவுக்கு முன்பே கையில் இருந்தது. ஜெய் கிருஷ்ணாவின் முயற்சியால் ரூர்க்கியில் 1960-இல் நிலநடுக்கப் பொறியியல் ஆய்வு, பயிற்சிப் பள்ளி அமைந்தது. 1962-இல் இந்தியத் தர நிறுவனம் ஐ.எஸ். 1893 விதித்தொகுப்பை வெளியிட்டது. எனினும் அது முதுநிலைப் பாடமாகவும் சிலரது சிறப்புத் துறையாகவும் ஒதுங்கி நின்றது. நாட்டின் கட்டடங்களில் பெரும்பாலானவற்றுக்குக் கையெழுத்திடுபவர் இளநிலைப் பட்டதாரி. அவர் பாடத்திட்டத்தில் அது இல்லை. 2001 ஜனவரி 26 அன்று கச்சில் நிலம் அதிர்ந்தபோது, மையத்திலிருந்து இருநூறு கிலோமீட்டருக்கும் அப்பாலுள்ள அகமதாபாத்தில் அடுக்குமாடிக் கட்டடங்கள் சரிந்தன. அவற்றுள் பலவற்றில் தரைத்தளம் வாகனம் நிறுத்துவதற்காகச் சுவரின்றித் தூண்களின் மீது நின்றது. அவ்வடிவத்தின் ஆபத்து அறிவியலுக்குப் புதிதன்று.

மத்திய அரசு 2003-இல் தேசிய நிலநடுக்கப் பொறியியல் கல்வித் திட்டத்தைத் தொடங்கியபோது, அது முதலில் பயிற்சி அளிக்க வேண்டியிருந்தது மாணவர்களுக்கு அல்ல, ஆசிரியர்களுக்கு. ஐ.ஐ.டி.களும் இந்திய அறிவியல் நிறுவனமும் பிற கல்லூரிகளின் ஆசிரியர்களை அழைத்துக் கற்பித்தன. பாடத்திட்டத்தில் ஒரு வரியைச் சேர்ப்பது ஒரு கூட்டத்தில் முடியும் வேலை. அவ்வரியை வகுப்பில் நின்று நடத்தக்கூடிய ஒருவரை உருவாக்க ஆண்டுகள் ஆகும் என்பதைக் குழுக்கள் எளிதில் கணக்கில் கொள்வதில்லை.

அகில இந்தியத் தொழில்நுட்பக் கல்விக் குழுமம் 2018-இல் வெளியிட்ட மாதிரிப் பாடத்திட்டம் பொறியியல் இளநிலைப் பட்டத்தை 160 கிரெடிட்டுகளில் அடக்கியது. தொடக்கத்தில் மூன்று வார அறிமுகப் பயிற்சி, சுற்றுச்சூழல் அறிவியல், அரசமைப்புச் சட்டம், உள்ளகப் பயிற்சி, திறந்தநிலை விருப்பப் பாடங்கள் என அது கொண்டுவந்தவை பலவும் வரவேற்கத்தக்கவையே. மாணவர் சுமை குறைய வேண்டும் என்பதும் நியாயமானதே. ஆனால் 160 என்பது மூடிய பெட்டி. புதியது ஒன்று நுழைந்தால் பழையது ஒன்று வெளியேற வேண்டும், அல்லது விருப்பப் பாடப் பட்டியலுக்குள் இறங்க வேண்டும். அப்படி இறங்கும் பாடம் ஆறாம், ஏழாம் பருவத்தில் ஆசிரியர் இருந்தால் நடக்கும், போதிய மாணவர் சேர்ந்தால் நடக்கும். பல கல்லூரிகளில் நிலநடுக்கப் பொறியியல் இன்று இருப்பது அந்தப் பட்டியலில்தான், போக்குவரத்துத் திட்டமிடலுக்கும் திடக்கழிவு மேலாண்மைக்கும் பக்கத்தில். அதைத் தேர்ந்தெடுத்தவருக்கும் தேர்ந்தெடுக்காதவருக்கும் கிடைப்பது ஒரே பட்டம். புஜ்ஜிலும் கவுகாத்தியிலும் கட்டட வரைபடத்தில் கையெழுத்திட இருவருக்கும் ஒரே உரிமை.