வெறுங்கால் தோழமை: பெங்களூர்த் தண்டின் கால்பந்து வரலாறு

பெங்களூரின் அல்சூரை அடுத்த கௌதமபுரத்தில் புத்தர், அம்பேத்கர், அன்னை தெரசா ஆகியோரின் சிலைகளோடு இன்னொரு சிலையும் உண்டு. அது பிரேசில் நாட்டுக் கால்பந்து வீரர் பெலேயினுடையது. உழைக்கும் தமிழ்க் குடும்பங்கள் நிறைந்த ஒரு குடியிருப்பு, அறத்திற்கும் விடுதலைக்கும் அடையாளமான பெயர்களின் வரிசையில் ஒரு விளையாட்டு வீரரையும் நிறுத்தியிருக்கிறது. இதை வெறும் ரசிக மனப்பான்மை என்று கடந்துவிட முடியாது. ஊதியம் கருதாமல் மாலைப் பொழுதுகளில் ஆடப்பட்ட ஓர் ஆட்டம், இந்நகரின் எளிய மக்களுக்கு எத்தகைய தோழமையை அளித்தது, அத்தோழமை எதுவரை சென்றது என்னும் கேள்விகளுக்கு அச்சிலை ஒரு நுழைவாயில்.

1809இல் ஆங்கிலேயர் தம் படையைச் சீரங்கப்பட்டணத்திலிருந்து பெங்களூருக்கு மாற்றியதோடு தண்டுப் பகுதி உருவானது. படையின் பின்னே தமிழ் மாவட்டங்களிலிருந்து சிப்பாய்கள், வணிகர், ஒப்பந்தக்காரர், சமையற்காரர், குதிரை லாயப் பணியாளர், துப்புரவுத் தொழிலாளர் எனப் பலரும் வந்து குடியேறினர். மேற்கே கன்னடம் ஓங்கிய பழைய பேட்டை. கிழக்கே தமிழும் உருதுவும் ஆங்கிலமும் கலந்து ஒலித்த தண்டு. இரண்டுக்கும் நடுவே கப்பன் பூங்கா. 1881இல் மைசூர் அரசு உடையார் மரபிடம் திரும்பிய பின்னும் தண்டு மட்டும் பிரிட்டிஷ் ரெசிடெண்டின் ஆட்சியிலேயே நீடித்தது. ஒரே ஊரின் பெயரில் இரு நகரங்கள் இருந்தன என்று ஜானகி நாயர் போன்ற வரலாற்றறிஞர்கள் விரிவாக எழுதியிருக்கின்றனர்.

தண்டுக்குள்ளேயும் பிரிவுகள் இருந்தன. ஆற்காடு நாராயணசாமி முதலியார் போன்ற செல்வந்தர்கள் பள்ளிகளை நிறுவினர். அவர் தொடங்கிய பள்ளி 1873ஆம் ஆண்டினது. இன்னொரு புறம், தாழ்த்தப்பட்ட சாதிகளைச் சேர்ந்த தமிழர்கள் படைமுகாமின் விளிம்புகளில் நெருக்கமான குடியிருப்புகளில் வாழ்ந்தனர். அயோத்திதாசப் பண்டிதரின் சாக்கிய பௌத்த சங்கம் பெங்களூரிலும் கோலார் தங்கவயலிலும் கிளைகொண்டதற்கு இம்மக்களின் சுயமரியாதை வேட்கையே காரணம். கௌதமபுரத்தில் புத்தருக்குப் பக்கத்தில் பெலே நிற்பதை இந்தப் பின்னணியோடு சேர்த்தே படிக்க வேண்டும்.

கால்பந்து இங்கே பட்டாளத்தோடு வந்தது. ஆனால் அது பட்டாளத்தோடு நின்றுவிடவில்லை. கிரிக்கெட்டுக்கு மட்டையும் காப்பும் சீரான தளமும் வேண்டும். டென்னிசுக்கு மன்ற உறுப்புரிமை வேண்டும். கால்பந்துக்கு ஒரு பந்தும் திறந்தவெளியும் போதும். காலணி வாங்க இயலாதோர் வெறுங்காலில் ஆடினர். பந்து ஒன்றுதான் என்பதால் அதைப் பகிர்ந்தே தீரவேண்டும். மைதானம் பொது என்பதால் அடுத்த தெருக்காரரோடு உடன்பாடு கண்டே தீரவேண்டும். பற்றாக்குறையே பகிர்தலைக் கட்டாயமாக்கியது. நாளடைவில் அக்கட்டாயம் பழக்கமாகவும், பழக்கம் நட்பாகவும் மாறியது.

இதை மிகைப்படுத்தவும் கூடாது. அன்றைய மன்றங்கள் பல, சமூகத்தையும் வட்டாரத்தையும் ஒட்டியே அமைந்தன. அவற்றுள் புகழ்பெற்றது ‘பெங்களூர் முஸ்லிம்ஸ்’. 1891இல் பம்பாயில் தொடங்கிய ரோவர்ஸ் கோப்பையை நெடுங்காலம் பிரிட்டிஷ் படைப்பிரிவுகளே வென்றுவந்தன. 1937இல் அந்த வரிசையை முறித்து, அக்கோப்பையை வென்ற முதல் இந்திய அணியானது பெங்களூர் முஸ்லிம்ஸ். அடுத்த ஆண்டும் கோப்பை அவர்களுக்கே. 1948இல் மீண்டும் வென்றனர். அதே முப்பதுகளில் கல்கத்தாவின் முகமதன் ஸ்போர்ட்டிங், 1934 முதல் 1938 வரை தொடர்ந்து ஐந்து முறை அந்நகரின் லீக் பட்டத்தை வென்றது. அந்த அணியிலும் பெங்களூர் ஆட்டக்காரர்கள் இருந்தனர். பெயர்ப்பலகையில் சமூக அடையாளம் இருந்தது. ஆயினும் எதிரணி வெள்ளையர் படையாக இருக்கும்போது, வெற்றி தண்டு முழுவதற்கும் உரியதாயிற்று.

மன்றங்களின் எல்லையைக் கடந்த தோழமை மாகாண அணியில்தான் தெளிவாகப் புலப்படுகிறது. 1946-47ஆம் ஆண்டுக்கான சந்தோஷ் கோப்பையை, வங்காளத்தை வென்று மைசூர் அணி கைப்பற்றியது. இங்கே கவனிக்கத்தக்க முரண் ஒன்று உண்டு. தண்டு அப்போது மைசூர் அரசின் ஆட்சியில் இல்லை. 1947இல்தான் அது மைசூரிடம் ஒப்படைக்கப்பட்டது. பேட்டையும் தண்டும் ஒரே மாநகராட்சியாக இணைந்தது 1949இல். பெங்களூர்க் கால்பந்தின் விளைநிலமான தண்டின் ஆட்டக்காரர்கள், ஆவணப்படி தாம் குடிமக்களாக இல்லாத ஓர் அரசின் பெயரைச் சுமந்து ஆடினர். அரசாணை பின்னர் செய்ததை ஓர் அணி முன்னரே செய்து காட்டியது.

1948ஆம் ஆண்டு லண்டன் ஒலிம்பிக்கிற்குச் சென்ற இந்திய அணியில் அகமது கான், சாரங்கபாணி ராமன், தன்ராஜ், வஜ்ரவேலு, பஷீர் என மைசூர்க் கால்பந்தில் வளர்ந்தோர் பலர் இடம்பெற்றனர். நாகா இனத்தைச் சேர்ந்த மருத்துவரான டி. ஆவ் அணித்தலைவர். ஜூலை 31 அன்று இல்ஃபோர்டில் பிரான்சை எதிர்த்து நடந்த ஆட்டத்தில் இந்தியர் பெரும்பாலோர் வெறுங்காலுடனோ காலில் துணிக்கட்டுடனோ ஆடினர். பிரான்ஸ் முதலில் முன்னிலை பெற்றது. இரண்டாம் பாதியில் ராமன் அடித்த கோல் ஆட்டத்தைச் சமன்செய்தது. ஒலிம்பிக் கால்பந்தில் இந்தியா பெற்ற முதல் கோல் அதுவே. இரு பெனால்டி வாய்ப்புகள் வீணாயின. இறுதித் தருணத்தில் விழுந்த கோலால் இந்தியா 2-1 என்று தோற்றது. தோற்றவர்களை லண்டன் பார்வையாளர்கள் வியந்து பாராட்டினர்.

அடுத்த ஆண்டு அகமது கான் கல்கத்தாவின் ஈஸ்ட் பெங்கால் மன்றத்தில் சேர்ந்தார். அங்கே தன்ராஜ், வெங்கடேஷ், அப்பாராவ், சாலே ஆகியோருடன் அவர் அமைத்த ஐவர் முன்களத்திற்கு வங்க ரசிகர்கள் ‘பஞ்ச பாண்டவர்’ என்று பெயரிட்டனர். அக்கூட்டணியின் காலத்தில் மன்றம் 1949, 1950, 1951 என மூன்றாண்டுகள் தொடர்ந்து ஐ.எஃப்.ஏ. கேடயத்தை வென்றது. அப்பெயரின் பொருளை அதன் காலத்தில் வைத்து எண்ண வேண்டும். நாடு பிரிந்து இரண்டே ஆண்டுகள் ஆகியிருந்தன. கிழக்கு வங்கத்திலிருந்து வீடிழந்து வந்த இந்து அகதிகள் திரளாக ஆதரித்த மன்றம் அது. அந்த மக்கள், தென்னகத்திலிருந்து வந்த ஐவரை, அவர்களுள் இருவர் முஸ்லிம்களாக இருக்க, பாண்டு மைந்தர் என்று அழைத்தனர். ஐவருக்கும் தாய்மொழி ஒன்றன்று. வங்கமொழி எவர்க்கும் பிறப்பால் வந்ததன்று. பந்தை எவரிடம், எக்கணத்தில் தள்ளவேண்டும் என்னும் அறிவே அவர்களுக்கிடையே மொழியாக விளங்கியது.

1952இல் ஹெல்சிங்கியின் குளிரில் யூகோஸ்லாவியாவிடம் இந்தியா 10-1 என்று தோற்றது. அந்த ஒற்றைக் கோலை அடித்தவரும் அகமது கான்தான். இத்தோல்விக்குப் பின் இந்தியக் கால்பந்துக் கூட்டமைப்பு காலணியைக் கட்டாயமாக்கியது. ஆட்டம் முன்னேற அது தேவையான மாற்றம். ஆனால் ஏழைச் சிறுவனுக்கும் போட்டி அணிக்கும் இடையே விலைகொண்ட ஒரு வாசற்படியும் எழுந்தது. அந்த வாசற்படியைத் தாண்ட உதவியவை பொதுத்துறை நிறுவனங்கள். 1940இல் தோன்றிய ஹிந்துஸ்தான் விமான ஆலையும், 1948இல் தோன்றிய இந்தியத் தொலைபேசி ஆலையும் கால்பந்து அணிகளை வளர்த்தன. நன்றாக ஆடிய இளைஞனுக்கு நிலையான வேலை கிட்டியது. மைதானத் தோழர் ஆலையில் உடன்பணியாளரானார். நட்பு, குடும்பங்களின் பொருளாதாரத்தையே தாங்கும் உறவாயிற்று. மைசூர் அணி 1952-53, 1967-68, 1968-69 ஆண்டுகளில் மீண்டும் சந்தோஷ் கோப்பையை வென்ற காலம் இதுவே.

இத்தோழமைக்கு எல்லைகளும் இருந்தன. அது பெரிதும் ஆண்களின் உலகம். ஆடுகளத்தில் தோள்மேல் கைபோட்டவர்கள், திருமண உறவிலும் குடியிருப்பிலும் சாதிக் கோடுகளைக் கடந்தனர் என்று கூறச் சான்றில்லை. 1991 டிசம்பரில், காவிரி நடுவர் மன்றத்தின் இடைக்கால ஆணையை ஒட்டி பெங்களூரில் தமிழர் தாக்கப்பட்டபோது பெருந்துயருக்கு ஆளானோர் உழைக்கும் மக்களே. ஒரு கோப்பைக்காக ஒன்றான நகரம், நீருக்காக மொழிவழியே பிளந்தது. ஆட்டக்கள நட்பு அரசியலைத் தடுத்து நிறுத்தும் ஆற்றலுடையதன்று. ஆயினும் இன்ன மொழிக்காரர், இன்ன மதத்தவர் என்னும் அடையாளத்திற்கு முன்பே ஒருவரை அவர் ஆட்டத்தால் அறிந்துகொள்ளும் வாய்ப்பை அது இந்நகருக்குப் பல தலைமுறைகளாகத் தந்துவந்தது.

இன்று தொழில்முறைக் கால்பந்தின் காலம். 2013இல் தோன்றிய பெங்களூரு எஃப்.சி. தன் முதல் பருவத்திலேயே ஐ-லீக் பட்டத்தை வென்றது. அதன் வரலாறு நாள்தோறும் பதிவாகிறது. வெறுங்கால் தலைமுறையின் வரலாறோ வெற்றிப் பட்டியல்களிலும் மங்கிய குழுப் படங்களிலும் மட்டுமே எஞ்சியுள்ளது. அகமது கான் 2017இல் பெங்களூரில் காலமானார். யார் யாருக்குக் காலணி இரவல் தந்தார், தோற்ற நாளில் எவர் வீட்டில் உணவு உண்டனர், எந்தத் தெரு எந்தத் தெருவோடு ஆட மறுத்தது ஆகியவற்றைப் பட்டியல்கள் கூறா. அவற்றை அறிந்த முதியோர் கௌதமபுரத்திலும் ஆஸ்டின் டவுனிலும் இன்னும் இருக்கக்கூடும். பெங்களூர்த் தமிழர் வரலாற்றை ஆராயும் மாணவர்கள், ஆவணக் காப்பகத்திற்குச் செல்லுமுன் ஒரு மாலை அந்த மைதானங்களின் ஓரத்தில் அமர்ந்து அவர்களிடம் கேட்டுப் பதிவு செய்வது பயனுடையது.