உருளைக்கிழங்கிலிருந்து பொன்னி அரிசி வரை



மேற்கல்வியைப் பற்றிய பேச்சு எழும்போதெல்லாம் நம்மவர் வாயில் முதலில் வருபவை மருத்துவம், சட்டம், பொறியியல். இதில் குறையொன்றும் இல்லை. ஆனால், அறிவியலில் ஆர்வமுள்ள மாணவன் ஒருவனுக்குப் பயிர் அறிவியலையும் எண்ணிப் பார்க்கலாமே என்று நான் கூறினால், "மூன்று தலைமுறையாகத் தோட்டத்தில் கிடந்தது போதாதா, சார்?" என்னும் கேள்விதான் பதிலாக வருகிறது. விடியுமுன் எழுந்து பால்மரம் சீவியவர்களின் வலி அக்கேள்வியில் இருக்கிறது. அதை நான் மதிக்கிறேன். எனினும், பயிரிடத்தில் கூலிக்கு உழைப்பது வேறு. பயிரின் இயல்பை ஆராய்ந்து முனைவர் பட்டம் பெறுவது வேறு. இவ்வேறுபாட்டை விளக்கும் வரலாறு ஒன்று நம் வீட்டுச் சோற்றுப் பானையிலேயே உள்ளது.

எம்.எஸ். சுவாமிநாதன் 1925 ஆகஸ்டு 7-இல் கும்பகோணத்தில் பிறந்தார். தந்தையார் அறுவை மருத்துவர். மகனும் மருத்துவராக வேண்டுமென்பதே குடும்பத்தாரின் எதிர்பார்ப்பு. 1943-இல் வங்கத்தில் பெரும் பஞ்சம் ஏற்பட்டது. அதில் ஏறத்தாழ 30 இலட்சம் பேர் மாண்டிருக்கலாம் என மதிப்பிடப்படுகிறது. அப்பஞ்சமே அவரது மனத்தை வேளாண்மையின்பால் திருப்பியது. திருவனந்தபுரத்தில் விலங்கியல் பட்டம் பெற்றிருந்தவர், கோயம்புத்தூர் வேளாண்மைக் கல்லூரியில் சேர்ந்து மீண்டும் ஓர் இளநிலைப் பட்டம் பெற்றார். பின்னர் டில்லியில் பயிர் மரபியல் பயின்றார்.

1948-இல் இந்தியக் காவல் பணிக்கு அவர் தேர்ந்தெடுக்கப்பட்டார். அதே வேளையில் நெதர்லாந்தில் மரபியல் ஆய்வு செய்ய யுனெஸ்கோ உதவித்தொகையும் கிடைத்தது. ஒரு பக்கம் உயர் அரசுப் பதவி. மறு பக்கம் உருளைக்கிழங்கு. நம் வீட்டுப் பிள்ளை இப்படியொரு நிலையில் நின்றால் நாம் எதைத் தேர்ந்தெடுக்கச் சொல்வோம்? அவர் உருளைக்கிழங்கைத் தேர்ந்தார்.

வாகனிங்கனில் தொடங்கிய ஆய்வை 1950-இல் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் தொடர்ந்து, 1952-இல் முனைவர் பட்டம் பெற்றார். நாம் உண்ணும் உருளைக்கிழங்கிற்குக் காட்டில் வளரும் உறவினங்கள் பல உண்டு. நோயையும் புழுவையும் குளிரையும் தாங்கும் ஆற்றல் அவற்றில் சிலவற்றுக்கு இருக்கிறது. அவ்வாற்றலைப் பயிரிடும் இனத்திற்குக் கொண்டுவர வேண்டுமாயின் இரண்டையும் கலக்க வேண்டும். இங்கேதான் சிக்கல் எழுகிறது. பயிரிடும் உருளைக்கிழங்கில் பொதுவாக 48 குரோமோசோம்கள் உள்ளன. காட்டினங்கள் பலவற்றில் 24 மட்டுமே உள்ளன. எண்ணிக்கை ஒவ்வாதபோது பிறக்கும் கலப்பினம் பெரும்பாலும் மலடாகிவிடும். காட்டினத்தின் குரோமோசோம்களை முதலில் இரட்டிப்பாக்கிவிட்டுப் பின்னர்க் கலப்பது இதற்கு ஒரு வழி. உறவுடைய இரு செடிகளை எது பிரித்து வைக்கிறது, அத்தடையை எவ்வாறு கடப்பது என்பதே அவ்வாய்வுத் துறையின் மையக் கேள்வி.

அமெரிக்காவின் விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் மேலும் ஆய்வு செய்தார். அங்கேயே பேராசிரியப் பணியும் தேடி வந்தது. அதனை ஏற்காமல் 1954-இல் தாயகம் திரும்பினார். அப்போது அவருக்கு நிலையான வேலை எதுவும் காத்திருக்கவில்லை. கட்டாக்கிலுள்ள மத்திய நெல் ஆராய்ச்சி நிலையத்தில் சில மாதங்களுக்குத் தற்காலிகப் பணியே கிடைத்தது. உருளைக்கிழங்கில் பட்டம் பெற்றவருக்கு நெல்வயலில் என்ன வேலை என்று தோன்றலாம். பயிர்தான் மாறியது, கேள்வி பெரிதும் மாறவில்லை.

ஐக்கிய நாடுகளின் உணவு வேளாண்மை நிறுவனம் அங்கே ஒரு திட்டத்தை நடத்தி வந்தது. நம் வெப்பநாடுகளின் இண்டிகா நெல் உயரமானது. உரத்தை மிகுதியாக இட்டால் சாய்ந்துவிடும். ஜப்பானிய நெல்லான ஜப்போனிகாவோ உரத்தை ஏற்று மிகுந்த விளைச்சல் தரும். இரண்டையும் கலந்தால் இரு வகை நற்பண்புகளும் ஒரே செடியில் கிட்டுமே என்று ஆய்வாளர்கள் எண்ணினர். ஆனால் இவ்விரண்டின் கலப்பினத்திலும் பதர் மிகுதியாக இருந்தது. உருளைக்கிழங்கில் கண்ட மலட்டுத் தன்மை இங்கும் வேறொரு வடிவில் குறுக்கே நின்றது.

இத்திட்டத்தின் கலப்பின விதைகள் பல நாடுகளுக்கு அனுப்பப்பட்டன. அவற்றுள் ஒன்று நம் மண்ணின் 'மாயாங் எபோஸ் 80' என்னும் நெல்லையும் தைவானில் உருவான 'தைச்சுங் 65' என்னும் ஜப்போனிகா நெல்லையும் கலந்து பெற்றது. அவ்விதையை இந்நாட்டு வயல்களில் தலைமுறை தலைமுறையாக விதைத்து, நல்ல கதிர்களைத் தேர்ந்து, 1965-இல் ஒரு புதிய நெல்லை வெளியிட்டனர். அதன் பெயர் மஹ்சூரி. லங்காவித் தீவின் பழங்கதையில் வரும் பெண்ணின் பெயரும் அதுவே.

மஹ்சூரி கடல் கடந்து இந்தியாவிற்குச் சென்று, தமிழ்நாட்டில் காவிரியின் பெயரைத் தாங்கிப் 'பொன்னி' ஆயிற்று. அதிலிருந்து தேர்ந்தெடுத்த 'வெள்ளைப் பொன்னி'யைத் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் 1986-இல் வெளியிட்டது. இந்தியாவிலிருந்து வந்த அரிசி என்று நாம் மளிகைக்கடையில் கேட்டு வாங்கும் பொன்னியின் தாய்வழியோ தந்தைவழியோ நம் மலாயா நெல்தான்!

மஹ்சூரியைச் சுவாமிநாதன் உருவாக்கினார் என்று நான் கூறவில்லை. அது பல நாட்டு ஆய்வாளர்களின் கூட்டு உழைப்பு. அவர்களுள் பலரின் பெயர்களை நாம் அறியோம். தடையை ஆராய்ந்து கடக்கப் பயின்றவர்கள் கட்டாக்கிலும் இங்கும் இருந்தமையால்தான் அந்நெல் பிறந்தது. 1954 அக்டோபரில் டில்லி சென்ற சுவாமிநாதன் கோதுமை ஆய்வில் பெரும்பணி ஆற்றினார். 1982 முதல் 1988 வரை பிலிப்பைன்ஸிலுள்ள அனைத்துலக நெல் ஆராய்ச்சி நிலையத்தின் தலைமை இயக்குநராக விளங்கினார். 1987-இல் முதலாவது உலக உணவுப் பரிசைப் பெற்றார். 2023 செப்டம்பர் 28-இல் மறைந்த அவருக்கு 2024-இல் பாரத ரத்னா விருது வழங்கப்பட்டது.

இத்துறையைப் பயில நம் பிள்ளைகள் கேம்பிரிட்ஜுக்குத்தான் செல்ல வேண்டும் என்பதில்லை. செர்டாங்கில் 1931-இல் வேளாண்மைப் பள்ளியாகத் தொடங்கிய நிறுவனம், 1971-இல் பல்கலைக்கழகமாக உயர்ந்து, இன்று புத்ரா பல்கலைக்கழகமாக விளங்குகிறது. பயிர் அறிவியலில் முனைவர் பட்டம்வரை அங்கே பயிலலாம். 1969-இல் நிறுவப்பட்ட மார்டி என்னும் வேளாண்மை ஆராய்ச்சிக் கழகம் நெல்லாய்வை நடத்தி வருகிறது.

ஆசிரியர்களே, செடிகளைப் பற்றிய அறிவியல் பாடம் வரும்போது ஒரு பிடி பொன்னி அரிசியை வகுப்பறைக்குக் கொண்டு சென்று இக்கதையைச் சொல்லுங்கள். பெற்றோர்களே, உங்கள் பிள்ளை மருத்துவராகட்டும், வழக்கறிஞராகட்டும், மகிழ்ச்சியே. ஆனால், அவன் ஒரு செடியின் முன் அமர்ந்து, "இது ஏன் இப்படி வளர்கிறது?" என்று கேட்டால், அக்கேள்வியைத் தோட்டத்து நினைவுகளால் மூடிவிடாதீர்கள். நம் முன்னோர் பிறருக்காக வளர்த்த பயிர்களை, நம் பிள்ளைகள் தம் அறிவினால் ஆளட்டும்.